எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்: ‘விரிவு இணைப்பு’ வேண்டாம், ‘விடுசந்து’ என்போம்

அன்புடையீர், வணக்கம்.

பாலங்களுக்கான சொற்பட்டியலில், பாலத் தளங்கள் நகர்வதற்காக அவற்றின் முனைகளுக்கு நடுவே விடப்படும் இடைவெளியான ‘எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்’ என்பதற்கு நேராக ‘விரிவு இணைப்பு’ என்று எழுதி, அதையே முடிவான சொல்லாகக் கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. சொல் அழகாக இல்லை என்பதற்காகவோ நீளமாக இருக்கிறது என்பதற்காகவோ நான் தடுக்கவில்லை. இந்தச் சொல் பொருளைத் தலைகீழாகச் சொல்கிறது. அதை நம்பி வேலை செய்பவர் தம்மை அறியாமலேயே பாலத்துக்குக் கேடு செய்துவிடுவார். அப்படி ஒருமுறை நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், புதிதாகத் தார் போட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த ஒரு மேம்பாலத்தைப் பார்வையிடச் சென்றேன். ஒரு தளம் முடிந்து அடுத்த தளம் தொடங்கும் இடங்களில் குறுக்காக இருந்திருக்க வேண்டிய இடைவெளிகளைக் காணவில்லை. பழைய ரப்பர் பட்டையின் மேலேயே சல்லியும் தாரும் கொட்டி, ரோலரை ஓட்டி, சாலை முழுவதையும் ஒரே பாய் விரித்தாற்போல ஆக்கியிருந்தார்கள். வேலையை நடத்திய மேஸ்திரி நேர்மையானவர், வேலையில் குறை வைக்காதவர். கையிலிருந்த தமிழ் வேலைப்பட்டியலைக் காட்டி, “விரிவு இணைப்பைச் சரிசெய்யணும்னு போட்டிருந்துச்சு சார். இணைப்பு விட்டுப்போயிருந்துச்சு, நல்லா இணைச்சுட்டோம்” என்றார். அவரை நான் எப்படிக் குறை சொல்வது? இணைப்பு என்று எழுதிக் கொடுத்தோம், இணைத்திருக்கிறார்.

அதற்குள் அந்தத் தாரில் நூல் பிடித்தாற்போலக் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. வெடிப்பின் இரு ஓரங்களும் பேருந்துச் சக்கரங்களுக்கு அடியில் பொடிந்துகொண்டிருந்தன. கீழே இறங்கித் தூணின் தலைப்பகுதியைப் பார்த்தபோது, மழைத்தண்ணீர் வழிந்த இடமெல்லாம் செம்பழுப்புக் கோடுகளாக இருந்தது. உத்தரத்தின் முனை உட்கார்ந்திருந்த ரப்பர் திண்டுக்கு அருகில், அடைந்திருந்த மண்ணில், நான்கு இலை விட்ட ஓர் அரசங்கன்று நின்றது. மண்ணும் ஈரமும் அங்கே தங்கிவிட்டன என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த இடைவெளியை ஏன் விடுகிறோம் என்பது நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தண்டவாளங்களுக்கு இடையே ஏன் இடைவெளி விடப்படுகிறது என்ற கேள்விக்கு விடை எழுதாமல் இங்கே யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டோம். கான்கிரீட் ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீள்கிறது. எஃகும் ஏறக்குறைய அதே அளவுதான் நீள்கிறது. கம்பியும் கான்கிரீட்டும் ஒன்றாக வாழ முடிவதே அதனால்தான். 30 மீட்டர் உத்தரம் ஒன்றில் வெப்பநிலை 30 பாகை மாறினால் அதன் நீளம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் மாறும். பல உத்தரங்களைத் தொடர்ச்சியாக்கி நூறு மீட்டர் ஆக்கினால் அது 36 மில்லிமீட்டர். இதற்கு இடம் கொடுக்காவிட்டால் பாலம் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே உடைத்து எடுத்துக்கொள்ளும். வெப்பம் மட்டும் காரணம் அன்று: கான்கிரீட் உலர உலரச் சுருங்குகிறது; நெடுங்காலச் சுமையில் மெல்லக் குறுகுகிறது; கனரக வாகனம் பிரேக் போடும்போது தளம் முன்னோக்கி இழுபடுகிறது; நிலநடுக்கத்தில் ஆடுகிறது. கிளைச்சாலைகள் சுழன்று இறங்கும் பன்னிலைச் சந்திப்புகளின் வளைந்த பாலங்களில் இந்த நகர்வு சாலையின் திசையிலேயே நிகழும் என்றும் சொல்ல முடியாது. பக்கவாட்டிலும் கொஞ்சம் ஒதுங்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கோடை நாள் ஒன்றில் ஒரே பாலத்தின் அடியில் விடியற்காலையிலும் பிற்பகலிலும் நின்று பார்த்திருக்கிறேன். காலையில் என் சுண்டுவிரல் நுழைந்த இடைவெளியில் பிற்பகலில் ஒரு பென்சில்தான் நுழைந்தது. பாலம் விரியும்போது இடைவெளி சுருங்குகிறது. பாலம் சுருங்கும்போது இடைவெளி விரிகிறது. ஆகவே ‘விரி’ என்னும் அடையை இடைவெளிக்கு முன்னே ஒட்டினால், அது நண்பகலில் நடப்பதற்கு நேர் எதிரானதைச் சொல்லும். ஆங்கிலச் சொல்லிலேயே இந்தக் குறை இருக்கிறது. அங்கே பழக்கத்தால் அது மறைந்துவிட்டது. நாம் புதிதாக ஆக்கும்போது அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

சென்ற வாரம் வந்த முன்மொழிவுகளில் ‘விரிமூட்டு’ என்பதற்கு ஆதரவு மிகுதியாக இருந்தது. மூட்டு என்றால் அசையும் உறுப்பு, உடலோடு ஒப்பிட்டு உடனே புரிந்துகொள்ளலாம் என்று ஐயா ஒருவர் விளக்கியிருந்தார். அவர் சொன்னது சிந்திக்க வைத்தது. இரண்டு நாள் அதையே ஏற்கலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் முழங்கால் மூட்டு உடலின் எடையைத் தாங்குகிறது. பாலத்தில் எடையைத் தாங்கி அசைவுக்கும் வழிவிடுவது கீழே இருக்கும் ரப்பர் திண்டு, அதாவது நாம் ‘பேரிங்’ என்று சொல்லும் தாங்கி. மேலே இருக்கும் இடைவெளியின் வழியாகப் பாலத்தின் எடை எதுவும் கடத்தப்படுவதில்லை. கடக்கும் சக்கரத்தின் அதிர்வை மட்டும் அதன் விளிம்புகள் வாங்கிக்கொள்கின்றன. மூட்டு என்ற சொல்லுக்கு இந்த அமைப்பில் ஓர் இடம் உண்டென்றால் அது தாங்கியின் இடம். மேலும், மூட்டுதல் என்றால் தைத்துச் சேர்த்தல். சாக்கை மூட்டுகிறோம், ஓலையை மூட்டுகிறோம். ‘விரிமூட்டைச் சரிசெய்க’ என்று எழுதினால் என் மேஸ்திரி மறுபடியும் தைத்துவிடுவார்.

வெறுமனே ‘இடைவெளி’ என்று சொல்லிவிடலாம் என்ற கருத்தும் எளிமையானது. ஆனால் தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ளதும் இடைவெளி, கைப்பிடிச் சுவரின் கம்பிகளுக்கு நடுவே உள்ளதும் இடைவெளி. அளவுப்பட்டியலில் அது எந்த இடைவெளி என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும்.

என் முன்மொழிவு ‘விடுசந்து’. சந்து என்ற சொல்லை நான் தேர்ந்ததற்குக் காரணம், அது இடைவெளியையும் பொருந்துமிடத்தையும் ஒருசேரக் குறிக்கிறது என்பதுதான். கதவுச் சந்தில் விரல் மாட்டிக்கொள்கிறது. அங்கே சந்து இடைவெளி. இடுப்புச் சந்து வலிக்கிறது. அங்கே சந்து எலும்பும் எலும்பும் கூடுமிடம். பகைத்து நிற்கும் இருவரை இணக்கப்படுத்துவதைச் சந்து செய்வித்தல் என்றார்கள். புறநானூற்றின் துணைவஞ்சித் துறையை உரைகாரர் விளக்கும்போது இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறார்கள். இரண்டு தளங்கள் ஒன்றையொன்று தொடாமல், ஆனால் ஒன்றுக்கொன்று உதவியாக நிற்கும் இடத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

‘விடு’ என்பதுதான் இன்னும் முக்கியம். செங்கல் அடுக்கும் கொத்தனாரிலிருந்து ஓடு பதிக்கும் தொழிலாளி வரை, இடம் ‘விட்டு’ வேலை செய்வதாகத்தான் சொல்வார்கள். விடுசந்து என்றால் வேண்டுமென்றே விட்ட சந்து. எனவே தானாக உண்டாகும் விரிசலிலிருந்து அது சொல்லளவிலேயே பிரிந்துவிடுகிறது. ‘விரிசந்து’ என்று வைத்தால் விரிசலோடு அது ஒலியாலும் நெருங்கிவிடும். விடுத்தல் என்பதற்குக் கட்டிலிருந்து விடுவித்தல் என்ற பொருளும் இருப்பதால், தளத்தில் சேரும் அழுத்தத்தை விடுவிக்கும் இடம் என்ற குறிப்பும் கிடைக்கிறது. வினைத்தொகை ஆகையால் விட்ட சந்து, விடுகின்ற சந்து, விடும் சந்து என்று வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகிய மூன்று நிலைகளுக்கும் அது நிற்கும்.

ஒரு சொல் சரியா என்று பார்க்க, அதன் எதிர்மறையை ஆக்கிப் பார்ப்பது என் வழக்கம். இன்றைய பால வடிவமைப்பில், தளத்தையும் தூண்களையும் ஒரே உடலாக வார்த்து, இத்தகைய சந்துகளே இல்லாமல் கட்டும் முறை பரவி வருகிறது. தண்ணீர் இறங்க வழியில்லாததால் பராமரிப்புச் செலவு குறைகிறது என்பது அதன் பெரிய ஆதாயம். நம் பட்டியலின் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரிட்டால் ‘இணைப்பில்லாப் பாலம்’ என்று வரும். முழுக்க முழுக்க இணைந்த பாலத்துக்கு இணைப்பில்லாப் பாலம் என்று பெயர்! ‘விடுசந்திலாப் பாலம்’ என்றால் மயக்கமே இல்லை.

இந்தக் கருத்துக்கு ஏன் பழந்தமிழ்ச் சொல் இல்லை என்று ஒருவர் வருந்தியிருந்தார். வருந்த வேண்டியதில்லை. தாமிரபரணியின் மேல் 1843-இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலத்தைப் போன்ற கல் வளைவுப் பாலங்களுக்கு இப்படி ஒரு சந்து தேவைப்படவில்லை. வெப்பத்தில் வளைவின் முடி மயிரிழை மேலெழுந்து, குளிர்ந்ததும் இறங்கிக்கொள்ளும். கல்லடுக்கின் சுண்ணாம்புச் சாந்து மீதியைத் தாங்கிக்கொள்ளும். நீண்ட நேர் உத்தரங்கள் வந்த பிறகுதான் இந்தப் பொருளே வந்தது. பொருள் புதியது, ஆகவே சொல்லும் புதியது.

தடைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, நகரங்களில் சந்து என்றால் குறுகிய தெரு. பாலத்தருகே உள்ள சந்து என்று நினைத்துவிடுவார்கள் என்பது. ‘விடு’ என்ற முன்னொட்டு அந்த மயக்கத்தைப் போக்கும் என்று நம்புகிறேன். இரண்டாவது உண்மையான இடர்: இரண்டாம் வேற்றுமையில் ‘விடுசந்தை’ என்று வரும்போது கண்ணுக்குச் சந்தை, அதாவது அங்காடி, தெரிகிறது. இதை நான் மறுக்கவில்லை. விதிமுறைகளில் ‘விடுசந்தினை’ என்று சாரியை சேர்த்து எழுதினால் தீரும்; அது நம் பொறியாளர்களுக்குக் கொஞ்சம் பழகவேண்டிய நடைதான். மூன்றாவது, சந்து வடமொழிச் சந்தியிலிருந்து வந்தது என்பது. அத்தனை நூற்றாண்டு நம் வாயில் தேய்ந்து, கதவிலும் இடுப்பிலும் தெருவிலும் வீட்டுச் சொல்லாகிவிட்ட ஒன்றை இன்று அயலென்று விலக்க எனக்கு மனமில்லை. இதில் உடன்பட முடியாதவர்கள் ‘விடுவெளி’யை ஏற்கலாம், ஆனால் அது மனைப்பிரிவில் விடப்படும் திறந்த நிலத்தையும் நினைவூட்டும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மையானஸ் ஆற்றின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு கண் 1983 ஜூன் 28 அன்று அற்று வீழ்ந்து மூவர் இறந்தனர். விழுந்த பகுதி, எஃகு முளைகளும் (‘பின்’) அவற்றில் மாட்டிய தொங்குபட்டைகளும் கொண்ட அமைப்பால் அடுத்த பகுதியிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தது. சாலையைப் புதுப்பித்தபோது தளத்தின் வடிகால்களை மூடிவிட்டதால், தண்ணீர் சந்துகளின் வழியே இறங்கி முளைகளைச் சுற்றித் துருவை வளர்த்தது. பருத்த துரு பட்டையை முளையிலிருந்து நெட்டித் தள்ளியது. கனடாவின் லவால் நகரில் 2006 செப்டம்பர் 30 அன்று ஐவரைப் பலிகொண்ட மேம்பாலத்திலும் முறிந்தது, சந்துக்குக் கீழே தளமுனைகள் படிபோல் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருந்த பகுதியை ஒட்டித்தான். கம்பி வைத்த முறை, கான்கிரீட்டின் தரம் என்று அங்கே காரணங்கள் பல. எந்தப் பாலத்தின் சரிவுக்கும் ஒரு சொல்லைக் காரணமாக்க முடியாது. ஆனால் சீரமைப்புப் பணிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் எது என்பதை ஒரு சொல் நினைவூட்ட முடியும், மறக்கடிக்கவும் முடியும்.

ஏற்றுக்கொண்டால் கிளைச்சொற்கள் எளிதாக வரும். சந்தின் இரு விளிம்புகளிலும் கவ்வி நின்று தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் ‘விடுசந்துப் பட்டை’. நடைமேம்பாலங்களில் சந்தின் மேல் போடும் தகடு ‘விடுசந்துத் தகடு’. இதன் விளக்கத்தில், ஒரு பக்கம் மட்டுமே திருகாணி பூட்ட வேண்டும், மறுபக்கம் வழுக்கி நகர வேண்டும் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். இருபக்கமும் பூட்டப்பட்ட தகடு ஒரு கோடையில் மேடிட்டு, பார்வையற்றவரின் கைத்தடி மாட்டிக்கொள்ளும் இடமாகிவிடும். கான்கிரீட் சாலையில் வெட்டுக்கருவியால் வேண்டுமென்றே போடும் கோட்டுக்குக் ‘கீறுசந்து’. ஆனால் நேற்று வார்த்த கான்கிரீட்டோடு இன்று வார்ப்பது சேரும் இடம் உண்மையிலேயே ஓர் இணைப்பு. அதை ‘வார்ப்பிணைப்பு’ என்றே வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எல்லாம் ஜாயின்ட் என்பதற்காக நாமும் சேரவேண்டியதையும் சேரக்கூடாததையும் ஒரே சொல்லால் கட்டிவைக்க வேண்டாம்.

பட்டியலுக்கான விளக்கவரியை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தித் தாருங்கள்: ‘விடுசந்து: பாலத் தளங்கள் வெப்பத்தாலும் சுருக்கத்தாலும் சுமையாலும் நகர்வதற்கு இடம் தரும்பொருட்டு, அவற்றின் முனைகளுக்கிடையே திட்டமிட்டு விடப்படும் சந்து. தாராலோ காரையாலோ நிரப்பக்கூடாது.’ அகராதி விளக்கத்தில் கட்டளை எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நீக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘தாங்கி’ பற்றிய விவாதத்தை அடுத்த வாரம் ரப்பர் திண்டிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
பாலப் பராமரிப்பில் பணியாற்றிய ஒரு பொறியாளர்