கற்றல் இலக்கு எழுத ஒரு கை கொடுங்கள்

வணக்கம். ஈராசிரியர் பள்ளியில் நான்கு, ஐந்தாம் வகுப்புகள் எடுக்கிறேன். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குள் இந்த ஆண்டின் கற்றல் இலக்குகளை எழுதித் தர வேண்டும். 'அனைவரும் சரளமாக வாசிப்பர்' என்று எழுதிவிடலாம், சரி; அதை எப்படி அளப்பது?

தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் அரும்பு (தொடக்கம்), மொட்டு (இடைநிலை), மலர் (வகுப்பு நிலை) என்ற நிலைகள் கையில் இருக்கின்றன. ஆனால் ஒரே மொட்டுக்குள் எத்தனை வகை! ஒருவன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். அதே சொற்களைக் கரும்பலகையில் இடம் மாற்றி எழுதினால் விழிக்கிறான். இன்னொருத்தி நன்றாக வாசிக்கிறாள், ஆனால் 52-இல் 17 போனால் 45 என்கிறாள். கடன் வாங்காமல், 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறாள்.

இப்படிப்பட்டவர்களுக்குத் தனித்தனியாக, பருவத்துக்கு ஒரு இலக்கு வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பெற்றோருக்கும் புரிகிற மாதிரி படிவம் இருந்தால் பகிருங்கள். சதவீத அட்டவணை மட்டும் வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.