பொருள்: குறைமாதக் குழந்தைக்குத் தைராக்சின் கம்மி – என்ன சொல் போடலாம்? (அவசரம்)

கும்பகோணம்:
பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாய்மார்களுக்குக் கொடுக்கும் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'டிரான்சியன்ட் ஹைப்போதைராக்சினீமியா' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். 'தற்காலிகத் தைராய்டு குறைபாடு' போதுமா?

தஞ்சாவூர்:
குழந்தை மருத்துவராகச் சொல்கிறேன், போதாது. பிறவித் தைராய்டு குறைபாடு வேறு. அதில் பெரும்பாலும் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) ஏறியிருக்கும், மருந்தை உடனே தொடங்கியாக வேண்டும். இங்கே டி4, அதாவது அந்தச் சுரப்பி தரும் தைராக்சின், தாழ்ந்திருக்கும், டிஎஸ்எச் ஏறாது. நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வந்தது நின்றுபோச்சு. சுரப்பிக்கு மூளையிலிருந்து கட்டளை போகும் ஏற்பாடும் முதிரவில்லை. பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். டி4 மிகவும் தாழ்ந்திருந்த குழந்தைகளிடம் பெருமூளை வாதம் கூடுதலாகக் காணப்பட்டது உண்மைதான். ஆனால் 1997இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 30 வாரத்துக்கு முன் பிறந்த 200 குழந்தைகளில் பாதிப் பேருக்குத் தைராக்சின் கொடுத்தும் 2 வயதில் மொத்தத்தில் வித்தியாசமில்லை. 'குறைபாடு' என்று அச்சடித்தால், "பின்னே ஏன் மருந்து தரலை?" என்று கேட்பார்கள். என்னிடம்தான் கேட்பார்கள்.

திருவாரூர்:
முதலில் 'தைராய்டு' எதற்கு? கிரேக்கத்தில் அது கேடயம் போன்றது என்று பொருள். கேடயமும் வடசொல். நம்மிடம் தோல், கிடுகு, பரிசை இருக்கின்றன. தொல்காப்பியர் உழிஞைத் (கோட்டை முற்றுகை) துறைகளில் தோல் என்பது கேடயத்தைத்தான். ஆகவே தோற்சுரப்பி.

தஞ்சாவூர்:
ஐயா, தோல் டாக்டரிடம் போய் நிற்பார்கள்.

திருவாரூர்:
அப்படியானால் கிடுகுச் சுரப்பி.

மன்னார்குடி:
முடைந்த தென்னங்கீற்றும் கிடுகுதான் ஐயா. கஜா புயலில் தென்னை போன ஊரில் அந்தப் பேச்சு வேண்டாம். 'தைராக்சின் வரத்துக் குறைவு' என்று வைத்தால் என்ன? தாயிடமிருந்து வந்த மேட்டூரை மூடியாச்சு, குழந்தையின் சொந்த போர்செட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. இதை யாரும் வியாதி என்று சொல்வதில்லையே.

திருவாரூர்:
வரத்து நல்ல தமிழ், போக்குவரத்தில் இருப்பது. தைராக்சினைத்தான் ஏற்க முடியவில்லை.

தஞ்சாவூர்:
விளக்கத்துக்கு அருமை. பெயராக வைத்தால் பாதிதான் வரும். சுரப்பு முதிராதது விடுபடுகிறது.

மயிலாடுதுறை:
நான் வார்டு நர்ஸ். யாரோ தனிமடலில் 'தைராய்டு மந்தம்' என்றார்களாம். அடுத்த வரியிலேயே மூளை வளர்ச்சி வருகிறது, குழந்தையே மந்தம் என்று படித்துவிடுவார்கள். நாங்கள் 'கம்மியா இருக்கு, திரும்பப் பார்க்கணும்' என்றுதான் சொல்வோம். எழுத்தில் 'தாழ்வு' போடுங்கள்.

கும்பகோணம்:
சரி, 'குறைமாதத் தற்காலிகத் தைராக்சின் தாழ்வு'. கீழே மன்னார்குடியாரின் மேட்டூர் விளக்கம். எல்லாருக்கும் சம்மதமா?

தஞ்சாவூர்:
சம்மதம். மறுபரிசோதனை பற்றிய வரியைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

மயிலாடுதுறை:
சரி.

திருவாரூர்:
'தற்காலிக' வடமொழி. 'இடைக்கால' என்க.

மன்னார்குடி:
கோர்ட் உத்தரவு மாதிரி இருக்கு ஐயா.

திருவாரூர்:
நீதிமன்றம் எடுத்துக்கொண்டால் சொல் பொருளை விட்டுவிடுமா? என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். கிடுகு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.