புது பிக்கப் இப்பவே எடுக்கலாமா, டிசம்பர் வரை பொறுக்கலாமா?

அண்ணன்மாருக்கு வணக்கம். காசிமேட்டில் விடியற்காலை மீன் பெட்டி ஏற்றி, எண்ணூர், மீஞ்சூர் பக்கம் கடைகளுக்குப் போடுகிறேன். பதினோரு வருஷம் உழைத்த குட்டியானை (டாடா ஏஸ்) இனி தாங்காது. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பின்தளம் அரித்து, ஓட்டை வழியாக ரோடு தெரிகிறது.

2025 செப்டம்பர் 22-இல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியபோதே எடுத்திருக்க வேண்டும். தங்கச்சி கல்யாணம் குறுக்கே வந்துவிட்டது. இப்போது ஷோரூமுக்குப் போகும்போதெல்லாம் கொட்டேஷன் ஏறுகிறது. கேட்டால், "அடுத்த மாசம் இன்னும் ஏறும் சார்" என்று பயம் காட்டுகிறார்கள். ஜனவரியில் விலை ஏற்றுவது கம்பெனிகளுக்கு வழக்கம்தான். ஆனால் டிசம்பரில் கையிருப்பைக் காலி செய்யத் தள்ளுபடியும் கிடைக்கும். அப்போது எடுத்தால் ஆர்சியில் பழைய வருஷம் விழும், விற்கும்போது அடிபடும். நான் பத்து வருஷம் ஓட்டுகிற ஆள், எனக்கு அது பெரிய நஷ்டமா?

அப்புறம், அசோக் லேலண்ட் தோஸ்த்தா, மஹிந்திரா பொலேரோ பிக்கப்பா? லோடு ஒன்றேகால் டன்னுக்குள்தான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது எது டீசலைக் குறைவாகக் குடிக்கிறது? ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். ஷோரூம் மைலேஜ் கணக்கு என்னிடமே இருக்கிறது.