கடலோர ஏரியாவில் ஆர்ஐசி மெஷின் ரிட்டர்ன்: கிளினிக்கிலேயே எதைப் பார்க்கணும்?

புது_ரெப்
காது மெஷின் கம்பெனியில புது சேல்ஸ் ரெப் நான். தூத்துக்குடி, கன்னியாகுமரி ரெண்டு மாவட்டம். ஈஎன்டி கிளினிக், ஹியரிங் சென்டர் எங்கே போனாலும் "சத்தமே வரலை"ன்னு ஆர்ஐசி மெஷினை (ஸ்பீக்கர் காதுக்குள்ளே இருக்கிற காது மெஷின்) கையில கொடுத்துடுறாங்க. சர்வீஸுக்கு அனுப்பினா பல மெஷின் "குறை இல்லை"ன்னு திரும்புது. அங்கேயே எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது? பையில என்ன இருக்கணும்?

ஒலிப்பேழை
முதல் சந்தேகம் வாக்ஸ் கார்டு மேலதான் (ரிசீவர், அதாவது காதுக்குள்ளே போற குட்டி ஸ்பீக்கர், அதோட முனையில காது அழுக்கைத் தடுக்கிற வடிகட்டி). பாக்கெட்ல வர்ற குச்சியோட காலி முனையால பழசை இழுத்து, மறுமுனையால புதுசை அழுத்துங்க. ஊசியால குத்தி அழுக்கு எடுக்காதீங்க, ரிசீவரே போயிடும். பிராண்டுக்குப் பிராண்டு அளவு மாறுறதால எல்லாத்துலயும் ஒரு பாக்கெட் வேணும்.

அப்புறமும் சத்தம் இல்லைன்னா, அதே பவர், அதே பக்கத்து நல்ல ரிசீவரை மாட்டிப் பாருங்க (சிவப்பு வலது, நீலம் இடது). சத்தம் வந்தா பழைய ரிசீவர் போச்சு. வரலைன்னா கோளாறு பாடியில, அதை மட்டும் அனுப்புங்க.

டோம் (ரிசீவர் முனையில மாட்டுற மெத்துன தொப்பி) இல்லாம மெஷின் வந்தா உஷார். கழன்று காதுக்குள்ளேயே இருக்கலாம். டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க.

உப்புக்காற்று
அதுக்கும் முன்னாடி பேட்டரி. சைஸ் 312-க்குப் பழுப்பு ஸ்டிக்கர், 13 ஆரஞ்சு, 675 நீலம், 10 மஞ்சள். ஸ்டிக்கரை உரிச்சு ரெண்டு மூணு நிமிஷம் காத்துல வெச்சுட்டுப் போடணும். இது ஜிங்க்-ஏர் பேட்டரி, காத்தை இழுத்துத்தான் வேலை செய்யும். உரிச்சதும் போட்டு "டெட்"னு சொல்றவங்க நிறைய. ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் ஆயுள் குறையுறது நிற்காது.

கடலோரத்துல வேர்வையும் ஈரமும் சேர்ந்து பேட்டரி கான்டாக்ட்ல பச்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் டப்பா ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் போகட்டும். ராத்திரி பேட்டரியைக் கழட்டி, கதவைத் திறந்து, மெஷினை மட்டும் உள்ளே வைக்கணும். பேட்டரியும் சேர்ந்து போனா அதுவும் காய்ஞ்சிடும். ஜெல் நிறம் மாறினா மாத்தணும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம்.

ஆடியோகிராம்
ஒலிப்பேழை சொன்னது சரி, ஒரு திருத்தம்: ரிசீவர் மாத்தினது சோதனைக்குத்தான். பவர் மாறின ரிசீவரை அப்படியே விட்டுட்டு வந்தா ஃபிட்டிங் (பேஷண்ட் காதுக்கு ஏத்த செட்டிங்) தப்பாகும். ஆடியாலஜிஸ்ட் சாஃப்ட்வேர்ல ரிசீவரை மாத்தி, ஃபீட்பேக் டெஸ்ட்டையும் (விசிலைத் தடுக்கிற சோதனை) மறுபடி ஓட்டணும். புரோகிராமிங் ரெப் வேலை இல்லை, டார்கெட் நெருக்கினாலும்.

"கிய்ய்"னு விசில் வந்தா மெஷினைக் குறை சொல்லாதீங்க. டோம் சின்னதா இருக்கும், இல்லை காதுல அழுக்கு அடைச்சிருக்கும்.

சர்வீஸுக்கு மெஷினை வாங்கும்போது சலான்ல ரெண்டு காதுக்கும் சீரியல் நம்பர் தனித்தனியா எழுதுங்க. ரிசீவரோட வந்ததா, டோம் இருந்ததா, சார்ஜர் உண்டா, எல்லாம் குறிச்சு கையெழுத்து வாங்குங்க. சர்வீஸ் சென்டர்ல வலது இடது கலந்துபோச்சுன்னா பழி உங்க தலையிலதான் விழும்.

புது_ரெப்
பையில டோம் எத்தனை?

ஒலிப்பேழை
ஓப்பன், குளோஸ்டு, பவர் மூணுலயும் சின்னது, நடுத்தரம், பெரியது. நடுத்தரம்தான் சீக்கிரம் தீரும், அதை ரெட்டிப்பா வைங்க.