அட்டையைச் சரியாகத் தொடுகிறான், வாயைத் திறந்து சொல்லமாட்டேன் என்கிறான்

முக்கூடல் டீச்சர்:

முக்கூடல் பக்கம் ஒரு ஊரில் அங்கன்வாடி டீச்சர் நான். பிள்ளைகளின் அம்மாமாரில் பாதிக்கு மேல் பீடி சுற்றுகிறவர்கள். காலையில் சுளகை மடியில் வைத்தால் சாயங்காலம்தான் நிமிர்வார்கள். "வேன்ல போற புள்ளைய எல்லாம் ஆப்பிளு, ஆரஞ்சுங்குது. எம்புள்ள சத்துமாவு தின்னுட்டு வருது, அம்புட்டுதான்" என்று ஒரு அம்மா நேருக்கு நேராகக் கேட்டுவிட்டார். ரோஷத்தில் தினமும் பத்து நிமிஷம் இங்கிலீஷ் வார்த்தை என்று ஆரம்பித்தேன்.

மூன்று அட்டை வைப்பேன். "டாக் எங்கே?" என்பேன். சரியாகத் தொட்டால் "குட்!", கூடவே உளுந்தம்பருப்பு அளவில் ஒரு துண்டு கருப்பட்டி. நாலு வயசுப் பையன் ஒருத்தன் இரண்டே வாரத்தில் எட்டு வார்த்தையும் பிசகாமல் தொட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் வில்லங்கம்.

படத்தைக் காட்டி "இங்கிலீஷ்ல இது என்ன?" என்றால் உத்தரத்தைப் பார்க்கிறான். இன்னொரு குட்டி தெருநாயைக் காட்டி "டாக்குட்டு" என்கிறாள். என் "குட்" நாயின் பேரோடு ஒட்டிக்கொண்டது. குடை அட்டை ஓரத்தில் எப்பவோ சாம்பார் சிந்திய மஞ்சள் கறை உண்டு. போன வாரம் புது அட்டை வைத்தேன். "அம்ப்ரெல்லா எங்கே?" என்றால் அந்தப் பையன் திருதிருவென்று முழிக்கிறான். சாரலுக்கு அவன் ஆச்சி பிடித்து வந்த நிஜக் குடையையும் காட்டத் தெரியவில்லை. கருப்பட்டி தீர்ந்த நாளில் ஒருத்தரும் அட்டைப் பக்கமே வருவதில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

ஓய்வு அண்ணாச்சி:

கருப்பட்டியைக் காட்டி வார்த்தை வாங்குவது குரங்காட்டி வேலை, தாயி. நான் முப்பது வருஷம் வாத்தியார். நாலு வயசில் தமிழே நிறைய பேசட்டும். கதை சொல்லுங்கள், மண்ணில் விளையாட விடுங்கள்.

பாளை செவ்வந்தி:

டீச்சர், கறைக் கதைக்குச் சிரித்துவிட்டேன், கோவிச்சுக்காதீங்க. பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். எனக்கும் இதே கதை நடந்திருக்கிறது. எதைப் பார்த்துத் தொட்டால் கருப்பட்டி வரும் என்று பையன் கண்டுபிடித்தான். அது குடையாக இருக்கணும் என்பது நம் கணக்கு. கறுப்புக் குடை, பூப்போட்ட குடை, மடக்கின குடை என்று மாற்றி மாற்றிக் காட்டுங்கள். இடத்தையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் "நடுவில் இருப்பது" என்று படித்துவிடுவான்.

பெரிய விஷயம் வேறு. கேட்டுத் தொடுவது ஒரு வேலை, பார்த்துச் சொல்வது வேறு வேலை. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் மொழி பற்றி எழுதிய புத்தகத்திலேயே பேசுகிறவர், கேட்கிறவர் என்று பிரித்துத்தான் வைத்தார். 2008இல் வந்த ஓர் ஆய்வில் ஐஸ்லாந்துச் சிறுபிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தார்கள். சில வார்த்தைகளைத் தொட மட்டும் பழக்கினார்கள், சிலவற்றைப் படம் பார்த்துச் சொல்லப் பழக்கினார்கள். தாய்மொழி வார்த்தைக்கு ஸ்பானிஷ், ஸ்பானிஷுக்குத் தாய்மொழி என்று மாற்றிச் சொல்வதை யாரும் கற்றுத்தரவில்லை. சொல்லிப் பழகிய வார்த்தைகளில்தான் அது அதிகம் தானாக வந்தது. கையில் பத்தே நிமிஷம் என்றால் அதைச் சொல்ல வைப்பதற்குச் செலவழிங்க.

படத்தைக் காட்டினதும் நீங்களே "லீஃப்" சொல்லிவிடுங்கள், அவன் திருப்பிச் சொல்லட்டும். நாலைந்து தடவைக்கு அப்புறம் காட்டிவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். வரவில்லையா, "லீ..." என்று மட்டும் எடுத்துக் கொடுங்கள். பிறகு அதுவும் வேண்டாம். தானாகச் சொன்னால் கருப்பட்டி, உங்களைத் திருப்பிச் சொன்னால் வெறும் பாராட்டு. இந்த வித்தியாசத்தை விட்டால் கடைசி வரை உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு இருப்பான். "குட்"டுக்குப் பதில் "அடேயப்பா, சொல்லிட்டியே!" போதும். கருப்பட்டியை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. முதலில் ஒவ்வொன்றுக்கும், அப்புறம் இரண்டுக்கு ஒன்று, அப்புறம் எப்போது வரும் என்றே தெரியாமல்.

அண்ணாச்சி, பத்து நிமிஷம் போக மீதி நாள் முழுக்கத் தமிழ்க் கதையும் மண்ணும்தான். யாரும் அதைப் பிடுங்கவில்லை.

மேலப்பாளையத்துக்காரி:

நானும் பீடி சுற்றுகிறவள்தான் அக்கா. ஆப்பிள் எங்கள் வீட்டில் பெருநாளைக்கு வரும். இலை, நூல், கத்தரி தினமும் கண் முன்னால் கிடக்கும். என் மகளுக்கு லீஃப், த்ரெட், சிசர் இந்த மூன்றில்தான் தொடங்கினேன். புகையிலைத் தூள் பக்கம் விடமாட்டேன், இலைக்கட்டை மட்டும் தள்ளி வைப்பேன். "த்ரெட்" என்றால் நூல்கண்டு கைக்கு வரும். அதற்கு மிட்டாய் எதற்கு? ஒன்று சொல்லிவிடுகிறேன், பந்தை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். "பால்" என்றதும் என் மகள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

முக்கூடல் டீச்சர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எட்டு அட்டையை நாலாகக் குறைத்தேன். செவ்வந்தி சொன்ன மூன்று எண்ணுவதுதான் கஷ்டம், இரண்டிலேயே என் வாய் திறந்துவிடுகிறது. இலையும் நூலும் இரண்டு பேருக்குத் தானாக வந்துவிட்டன. "டாக்குட்டு" இன்னும் டாக்குட்டுதான்.

நேற்று சாரல். கறைப் பையனைக் கூட்டிப்போக ஆச்சி வாசலில் நின்றார். குடையைப் பார்த்து "அம்பெல்லா" என்றான். இது என்ன என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டு என்னிடம் கையை நீட்டினான். டப்பா காலி. "ஆச்சி, குடைய அவன் கையில குடுங்க" என்றேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான், பின்னால் ஆச்சி நனைந்துகொண்டே போனார்.