ஐபோனில் தெரியும் புடவைப் படங்கள் ஆண்ட்ராய்டில் தெரியவில்லை

கேள்வி:
மும்பை மாட்டுங்காவில் அக்கா காஞ்சிபுரம் புடவைக் கடை வைத்திருக்கிறார். வெப்சைட் என் பொறுப்பு. அக்காவின் ஐபோனில், சஃபாரியில், எல்லாப் படமும் பளிச்சென்று வருகிறது. குரோம், ஃபயர்பாக்ஸில் வெறும் கட்டம்தான். எல்லாம் அக்கா போனில் எடுத்த படங்கள். நவராத்திரி நெருங்குகிறது, வாங்குபவர்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுக்காரர்கள். உதவுங்களேன்.

பதில்:
ஃபைல் பெயரின் முடிவைப் பாருங்க. ஹெச்இஐசி (HEIC, ஒரு பட ஃபைல் வகை) என்றிருந்தால் அதுதான் காரணம். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் இப்படித்தான் சேமிக்கிறது. 2023இல் வந்த சஃபாரி 17 இதைக் காட்டும். குரோமும் ஃபயர்பாக்ஸும் காட்டாது. எல்லா பிரவுசரும் காட்டும் ஜேபெக்காக (JPEG) மாற்றி ஏற்றுங்க. பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை, உள்ளே இருப்பது அதேதான்.

கேட்டவர்:
ஹெச்இஐசியேதான்! ரொம்ப நன்றிங்க. ஜேபெக்குக்குப் பதில் ஏவிஃப் (AVIF) என்ற பட வகையைப் போடலாமா? சைஸ் குறையுமாமே.

இன்னொரு பதில்:
குறையும். ஆனால் பழைய சஃபாரியில் வராது. பக்கத்தின் ஹெச்டிஎம்எல் கோடில் பிக்சர் டேகுக்குள் ஏவிஃபை முதலில் சோர்ஸாகக் கொடுத்து, கடைசியில் இமேஜ் டேகில் ஜேபெக் வையுங்க. ஏவிஃப் புரியாத பிரவுசர் ஜேபெக்கை எடுத்துக்கொள்ளும். ரொம்பச் சுருக்கினால் ஜரிகை மங்கிவிடும், அது புடவைக்கு அநியாயம். அப்புறம் அக்கா போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்துவிடுங்க. இனி எடுப்பதெல்லாம் ஜேபெக்காகவே வரும்.