‘லெஜிடிமசி’க்குத் தமிழ் என்ன? திங்களுக்குள் வேண்டும்

கும்பகோணம், செவ்வாய் காலை

குழுவினருக்கு வணக்கம். குற்றவியல் ஆய்வாளர் ஒருவர் நம் பக்கத்துக் கிராமங்களில் காவல்துறை பற்றிக் கருத்துக் கேட்கப் போகிறார். வினாத்தாளையும் முன்னுரையையும் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. முன்னுரையில் வரிக்கு வரி ‘போலீஸ் லெஜிடிமசி’. காவலருக்கு அதிகாரம் செலுத்தும் உரிமை உண்டு என்று மக்கள் மனமொப்பி நினைப்பது. லத்திக்குப் பயந்து அடங்குவது அல்ல. சிகாகோ மக்களிடம் கேட்டறிந்து அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1990-இல் எழுதியதிலிருந்து இந்தத் துறை பெரும்பாலும் இந்தச் சொல்லைச் சுற்றித்தான் ஓடுகிறது. மரியாதையாக நடத்தினார்களா, நாம் சொன்னதைக் காதில் வாங்கினார்களா, ஆள் பார்க்காமல் முடிவெடுத்தார்களா என்பதெல்லாம் தண்டனைப் பயத்தைவிட மக்களைச் சட்டத்துக்குக் கட்டுப்பட வைக்கிறது என்பது அவர் கட்சி. அகராதி ‘சட்டப்பூர்வத்தன்மை’ என்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

மன்னார்குடி

ஒப்பாததற்கு என்ன இருக்கிறது? லத்தீனில் ‘லெக்ஸ்’ என்றால் சட்டம். அதன் வழி வந்த சொல்தான் இது. சட்டப்பூர்வம் என்றால் நாளிதழ் படிக்கிற எல்லாருக்கும் புரியும். எதற்கு வம்பு?

கீழ்வேளூர்

அண்ணா, வம்பு இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பு சட்டப்பூர்வமானதுதான். அதற்கு லெஜிடிமசி உண்டா என்று எங்கள் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தானே ஒரு சொல் வேண்டும்? அதையே எடுத்து மறுபடியும் ஒட்டினால் எப்படி?

திருவையாறு

இவ்வளவு யோசனை எதற்கு? ‘முறைமை’ இருக்கிறது. “முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்” என்றார் வள்ளுவர். நம் பக்கம் முறை என்றால் தண்ணீர். முறைப்பாசனத்தில் மடை திறப்பவர் கையில் மண்வெட்டியைத் தவிர என்ன இருக்கிறது? ஆனாலும் நடுராத்திரியில் அவர் அடைத்தால் அடைத்ததுதான். ஏன்? முறை பார்த்து அடைக்கிறார். வேர் ‘முறு’ என்பது என் துணிபு. முறுக்கு, முறுக்கேறுதல், வளைந்து திரும்பி வருதல். திரும்பத் திரும்ப வருவதால் முறை. இதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். தனி மடலாக அனுப்புகிறேன்.

மன்னார்குடி

முறைத்துப் பார்ப்பதும் அதே வேர்தானா ஐயா? அப்படியானால் காவல்துறையிடம் முறைமை ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

கும்பகோணம்

திருவையாற்று ஐயா மன்னிக்க வேண்டும். ‘குற்றவியல் நீதி முறைமை’ என்பதும் இதே முன்னுரையில் வருகிறது. அப்போது ‘குற்றவியல் நீதி முறைமையின் முறைமை’ என்று எழுத வேண்டியிருக்கும்.

மயிலாடுதுறை

‘நியாயாதிக்கம்’? நியாயமான ஆதிக்கம். கேட்டதும் விளங்கும்.

தஞ்சாவூர்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். எங்களிடம் நியாயாதிக்கம் என்றால் நீதிமன்றத்தின் அதிகார வரம்பு. அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள்.

திருவாரூர்

‘ஏற்புடைமை’ என்று வைத்துக்கொள்ளலாம். மக்கள் ஏற்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊர் மனுநீதிச் சோழன் கதையிலும் பசு மணியடித்ததும் அரசன் எழுந்து வந்து கேட்டான் அல்லவா? டைலர் சொல்வதும் அந்த மணியைத்தான்.

திருவையாறு

“ஏற்பது இகழ்ச்சி” என்று ஒன்றாம் வகுப்பில் படித்ததை மறந்துவிட்டீர்களா? ஏற்றல் என்றால் கையேந்துதல். காவல்துறைக்கு ‘ஏற்புடைமை’ என்றால் கேட்கிறவன் வேறு ஏதோ வாங்குவதாக நினைத்துக்கொள்வான்.

பாபநாசம்

சிரித்து முடித்தாயிற்று. ஆனால் குறளிலேயே விடை இருக்கிறது. “வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு.” வழிப்பறிக்காரனும் அரசனும் கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். வேலுக்கும் கோலுக்கும் நடுவே இருக்கும் அந்த வித்தியாசம்தான் நாம் தேடுவது. இந்தக் குறள் இருப்பது கொடுங்கோன்மை அதிகாரத்தில். அதற்கு முந்தைய அதிகாரம் செங்கோன்மை. அதை ஏன் எடுக்கக் கூடாது?

இன்னொன்று. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஊர்க் காவலுக்கு வாங்கிய வரி ஒன்று வருகிறது. பிற்காலத்தில் நம் பக்கக் காவல்காரர்களுக்கு ஊர் கூலி கொடுத்தது. களவுபோன மாட்டை மீட்டுத் தர ‘துப்புக்கூலி’ தனி. 1859-இல் சென்னை மாகாணக் காவல் சட்டம் வந்த பிறகு சர்க்கார் காவலுக்கும் ஊர்க் காவலுக்கும் ஒத்துப்போகவில்லை. யாரிடம் லெஜிடிமசி இருந்தது? மாட்டைப் பிடித்தவனே மீட்டுத் தந்தான் என்றும் சொல்வார்கள்...

மன்னார்குடி

ஐயா, மாடு வேறு பக்கம் போகிறது. செங்கோன்மை என்றால் கான்ஸ்டபிள் கையில் இருக்கும் கோல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

கும்பகோணம், வியாழன் இரவு

சொல் ஒருபுறம் கிடக்கட்டும். இன்று வினாத்தாளைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். “உங்களுக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் காவலர் சொல்வதைக் கேட்க வேண்டும். சரியா, தவறா?” ஆச்சி உடனே, “சரிதான். போலீஸ் சொன்னா கேக்கணும். கேக்காம எங்க போறது?” என்றார். என் தாளில் அது முழு ஆதரவு என்று பதிவாகும்.

நம் ‘வேண்டும்’ கடமைக்கும் வரும், கட்டாயத்துக்கும் வரும். இரண்டுக்கும் ஒரே -ணும். கானாவின் அக்ரா நகரில் ஆய்வு செய்த ஜஸ்டிஸ் டாங்கேபி எச்சரித்தது இதைத்தான்: கீழ்ப்படிகிறேன் என்று ஒருவர் சொன்னால், அது மனமொப்பியதா, வேறு வழியில்லாததா என்று பார்க்காமல் லெஜிடிமசிக் கணக்கில் சேர்க்காதே என்று. அவர் ஆங்கிலத்தில் பட்ட பாட்டைவிடத் தமிழில் நமக்குக் கூடுதலாக இருக்கிறது.

நாகப்பட்டினம்

நான் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஏற்புடைமை என்றால் ஜனங்கள் பக்கம் மட்டும்தான் வருகிறது. இந்த அதிகாரம் எனக்கு நியாயமாக உரியது என்று நாங்களும் நம்ப வேண்டாமா? மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டி அனுப்பிய நாட்களில் எனக்கே அந்த நம்பிக்கை இருக்காது. அன்றைக்குத்தான் சந்தையில் என் குரல் அதிகம் உயரும்.

கும்பகோணம்

ஐயா, நீங்கள் சொல்வதைப் பற்றி இந்தத் துறையில் ஒரு பகுதியே இருக்கிறது. குற்றவியல் அறிஞர் ஆண்டனி பாட்டம்ஸும் டாங்கேபியும் 2012-இல் இதை உரையாடல் என்றார்கள்: அதிகாரத்தில் இருப்பவர் உரிமை கோருகிறார், மக்கள் பதில் சொல்கிறார்கள், அவர் திருத்திக்கொண்டு மறுபடி கோருகிறார். ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. அந்தக் கணக்கில் ‘ஏற்பு’ பாதிதான். ‘தன்னேற்பு’ என்று இன்னொன்று சேர்த்தால்?

தஞ்சாவூர்

தன்னேற்பு நன்றாக இருக்கிறது. ஆனால் மருத்துவத்தில் நோயாளி தன்னை ஏற்றுக்கொள்வது போலவும் தொனிக்கிறது.

கும்பகோணம், ஞாயிறு இரவு

நாளை காலை அனுப்பியாக வேண்டும். எண்ணிப் பார்த்தேன்: ஏற்புடைமைக்கு ஐந்து பேர், முறைமைக்கு இரண்டு, செங்கோன்மைக்கு ஒன்று. நாகப்பட்டினத்து ஐயா எதற்கும் இல்லை. ஏற்புடைமை என்று போட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ஒற்றை மேற்கோளுக்குள் ‘லெஜிடிமசி’ என்று சேர்க்கிறேன். வினாக்களுக்குள் இந்தப் பெயர்ச்சொல் ஓரிடத்திலும் வரவில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். ‘கேட்க வேண்டும்’ கேள்வியை மட்டும் இரண்டாக உடைத்திருக்கிறேன்: “கேட்பது நியாயம் என்று நினைக்கிறீர்களா?” “கேட்காவிட்டால் என்ன ஆகுமோ என்று கேட்கிறீர்களா?” ஆச்சி முதல் கேள்விக்குக் கொஞ்ச நேரம் யோசித்தார். இரண்டாவதற்கு யோசிக்கவில்லை.

திருவையாறு

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மன்னார்குடித் தம்பி கேட்ட ‘முறைத்தல்’ பற்றியும் யோசித்தேன். அதுவும் ‘முறு’தான். கண் முறுக்கேறுகிறது. விரிவாக நாளை.